கரண்டு இலவசம், கிணற்றுத் தண்ணீர் இலவசமா?

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



மின்சிக்கனம் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னவுடனே உங்களில் பல பேர் ரேடியோவை அணைக்கக் கையை நீட்டியிருப்பீர்கள். "நமக்குத்தான் கரண்டு இலவசமாச்சே, இந்தச் சிக்கனமெல்லாம் பட்டணத்து ஆளுங்களுக்குப் போய்ச் சொல்லட்டும்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நான் பேசப் போவது உங்கள் கரண்டைப் பற்றி மட்டும் அல்ல, உங்கள் கிணற்றைப் பற்றியும்தான்.

ஒரு கோடையில் பல்லடம் பக்கம் ஒரு பெரியவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நாலு ஏக்கர் பூமி. பாதி தென்னை, மீதி மக்காச்சோளமும் மாட்டுத் தீவனமும். கிணற்றுக்குள் படிமேடையில் 5 எச்.பி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் ஊரையே கூட்டியது. குழாய் வாயில் பார்த்தால் தண்ணீர் பாதிக் குழாய்கூட இல்லை.

"ஏனுங்கய்யா, மோட்டார் இந்தப் போடு போடுது, தண்ணி இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா அப்படித்தானுங்க தம்பி. காலையில போட்டா பொழுது சாய ஓடும். கரண்டு சும்மாதானுங்களே வருது, ஓடிட்டுப் போகட்டும்" என்றார்.

"காயில் கட்டி எத்தனை நாளாச்சுங்க?"

"இந்த வருசம் மட்டும் ரெண்டு தடவைங்க. போன வருசம் பக்கத்துல 800 அடிக்கு போர் போட்டேன். புகைதான் வந்துச்சு. அந்தக் கடன் இன்னும் தீரலை."

இதில் கரண்டு ஒன்றுதான் அவருக்கு இலவசம். காயில் கட்டிய கூலி, போர் போட்ட கடன், தண்ணீர் பத்தாமல் காய்ந்த சோளம், எல்லாம் அவர் கைக்காசு. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

கரண்டு வந்த கதை

நம் தாத்தா காலத்தில் கவலை ஓட்டித்தான் இறைத்தார்கள். ஒரு ஜோடி மாடு, ஒரு சால், ஒரு வடக்கயிறு. விடிகாலையில் பூட்டினால் வெயில் ஏறும்போது மாடு களைத்துவிடும், அவிழ்த்துவிட வேண்டியதுதான். அதற்குள் கிணற்றில் ஊற்று ஊறிவிடும். மாட்டின் களைப்புதான் கிணற்றுக்குக் காவல்.

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அங்கிருந்து கம்பி வழியாகக் கோயம்புத்தூர்ச் சீமைக்கு மின்சாரம் இறங்கியது. பிறகு மேட்டூர், பாபநாசம் என்று ஒவ்வொன்றாக வந்தன. மோட்டார் களைப்பதில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் ராத்திரி பகல் பார்க்காமல் இறைக்கும். மேட்டு நிலமெல்லாம் பச்சை பிடித்தது.

அந்த மின்சாரம் நமக்குச் சும்மா கிடைத்ததும் இல்லை. கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் மாதம் பெருமாநல்லூரில் விவசாயிகள் திரண்டபோது துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிர் விட்டார்கள். 1972-இல் கோவை நகரத்துத் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிறைத்துப் போராடினார்கள். அதிலும் பல உயிர்கள் போயின. 1990-இல்தான் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசம் என்று ஆயிற்று. ஆகவே இந்த உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ரத்தம் சிந்தி வாங்கிய பொருளை ஓட்டைப் பானையில் ஊற்றலாமா என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

நமக்கு இலவசம் என்றாலும் மின் வாரியத்துக்கு அது இலவசம் இல்லை. நம் மோட்டார் குதிரைத்திறனைக் கணக்கிட்டு அரசாங்கம் வருஷாவருஷம் மானியமாகக் கட்டுகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. மானியத் தொகை ஏற ஏற, "விவசாயிக்கு மீட்டர் வை, அளவு வை" என்ற பேச்சும் கூடவே ஏறும். வீண் இல்லாமல் இறைக்கிற விவசாயியைப் பார்த்து அந்தப் பேச்சைப் பேச யாருக்கும் வாய் வராது. இலவச மின்சாரத்துக்கு அதைவிடப் பெரிய காவல் வேறு இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் மின்சாரத்தில் பெரும் பங்கு இன்றும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. ஒடிசாவில் வெட்டின கரி பாராதீப் துறைமுகத்தில் கப்பல் ஏறி எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 600 முதல் 700 கிராம் கரி எரிகிறது. அந்தப் புகையோடு போகிற கரியமில வாயு வானத்தில் கம்பளிபோலப் போர்த்திக்கொண்டு பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. கடல் சூடாகிறது. மழை தன் முறையை மறக்கிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நீங்களே பார்த்தவர்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை; டெல்டாவில் பயிர் கருகியது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தலைமுறை கண்ட தென்னைகளைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒவ்வொரு புயலுக்கும் இதுதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பூமி சூடேற ஏற, பெய்தால் கொட்டுவதும் காய்ந்தால் ஒரேயடியாய்க் காய்வதும் கூடும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அதில் முதல் அடி விவசாயிக்குத்தான்.

"ஆலைக்காரனும் பட்டணத்து ஏ.சி.யும் எரிப்பதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தீர்களா?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். அவர்களும் குறைக்க வேண்டும். சட்டம் அவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் ஆலைக்காரன் மிச்சம் பிடித்தால் அவன் பில்தான் குறையும். நீங்கள் மிச்சம் பிடித்தால் உங்கள் மோட்டார் பிழைக்கும். அதோடு இறைப்பையும் அளந்தால் உங்கள் கிணறும் பிழைக்கும்.

ஒரு டிரம்மும் ஒரு கடிகாரமும்

உங்கள் பம்புசெட் நல்லதா, நோஞ்சானா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்று, நொடிமுள் ஓடுகிற கடிகாரம் ஒன்று, ஒரு கயிறு போதும்.

குழாய் வாயில் டிரம்மை வையுங்கள். நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். கயிற்றை விட்டு, ஓடும்போது கிணற்றில் தண்ணீர் நிற்கிற மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை எத்தனை அடி என்று அளந்துகொள்ளுங்கள். இப்போது ஒரே ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு யூனிட் மின்சாரம் கொஞ்சமும் சேதாரம் இல்லாமல் வேலை செய்தால் 12,000 லிட்டர் தண்ணீரை 100 அடி தூக்கும்.

பெரியவர் தோட்டத்தில் டிரம் நிரம்ப 60 நொடி ஆயிற்று. அப்படியானால் மணிக்கு 12,000 லிட்டர். உயரம் 100 அடி. ஆக ஒரு மணி நேரத்தில் உருப்படியாக நடந்த வேலை ஒரு யூனிட் அளவு. 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு 4 முதல் 5 யூனிட் தின்னும். ஒரு யூனிட் வேலைக்கு நாலு யூனிட்டுக்கு மேல் தீனி! நாலு படி தவிடு போட்டு ஒரு படி பால் கறக்கிற மாட்டை நீங்கள் கொட்டிலில் வைத்திருப்பீர்களா? நல்ல பம்புசெட் என்றால் தின்கிற மின்சாரத்தில் பாதியாவது தண்ணீராக வெளியே வர வேண்டும்.

மின்சாரம் எங்கே போகிறது?

அவரோடு சேர்ந்து கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தோம். உங்கள் கிணற்றிலும் இவற்றைப் பாருங்கள். மெயினை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்.

முதலாவது, புட்வால்வு. அதன் வலையில் பாசியும் சவ்வுத்தாளும் அடைத்துக்கொண்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரிதான். துவாரம் அகலமான நல்ல புட்வால்வை வாங்கிப் போடுங்கள். ஐந்நூறு, ஆயிரத்துக்கு யோசித்து மட்டமானதைப் போட்டால் அது தினமும் உங்கள் தண்ணீரைத் தின்னும்.

இரண்டாவது, குழாயின் அகலம். பெரியவர் 2 அங்குலக் குழாய் போட்டிருந்தார். அதே தண்ணீரை 2½ அங்குலக் குழாயில் விட்டால் உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அரை அங்குலத்தில் அவ்வளவு வித்தியாசம். குழாய் வாங்கும் அன்று கை இறுக்கிப் பிடிப்பவர் பத்து வருஷம் அதற்கு வட்டி கட்டுகிறார்.

மூன்றாவது, வளைவுகள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நாலு எல்போ இருந்தன. இரண்டை எடுத்துவிட்டோம். கட்டாயம் வேண்டிய இடத்தில் நீள் வளைவாகப் போட்டோம்.

நாலாவது, குழாய் வாயின் உயரம். சிலர் தண்ணீர் அருவிபோல விழட்டும் என்று தொட்டிக்கு மேலே ஐந்தடி, பத்தடி தூக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அழகுதான். 50 அடி கிணற்றில் 5 அடி வீணாகத் தூக்கினால் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் அந்த அழகுக்கே போகிறது.

ஐந்தாவது, மோட்டார். திரும்பத் திரும்பக் காயில் கட்டிய மோட்டாருக்குப் பழைய வலு இருக்காது. சூடுதான் அதிகம் வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பத்து எச்.பி. போட்டார் என்று நாமும் போடக் கூடாது. கிணற்றின் ஆழத்துக்கும் ஊற்றுக்கும் தக்கபடிதான் குதிரைத்திறன். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்து, மறு வருஷம் அதற்கென ஒரு மத்திய அமைப்பும் ஏற்பட்டது. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற நட்சத்திரச் சீட்டு பம்புசெட்டுக்கும் வந்திருக்கிறது. நட்சத்திரம் கூடக் கூடத் தீனி குறைவு, தண்ணீர் அதிகம்.

ஆறாவது, கெப்பாசிட்டர். மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஏற்றதை வயர்மேனைக் கொண்டு மாட்டுங்கள். கம்பியில் வீணாக ஓடுகிற கரண்டு குறையும், வோல்டேஜ் நிற்கும். இதை நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பத்தாது. ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்து, கரண்டு வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் உறுமினால் டிரான்ஸ்பார்மர் எப்படித் தாங்கும்? கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் அது எரிந்து போனால் யார் பயிர் பிழைக்கும்? முன்பு ஏரித் தண்ணீருக்கு முறை வைத்த ஊர் நம்முடையது. கரண்டுக்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். காலையில் கீழக்காட்டுக்காரர், மத்தியானம் மேலக்காட்டுக்காரர் என்று பேசி முடிவு செய்யக் கிராம சபை இருக்கிறது, டீக்கடை பெஞ்சும் இருக்கிறது.

இதெல்லாம் செய்த பிறகு பெரியவர் கிணற்றில் டிரம் 30 நொடியில் நிரம்பியது. அதே மோட்டார், அதே கரண்டு, தண்ணீர் இரண்டு மடங்கு.

பாதிதான் சொன்னேன்

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். இருபது நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நீங்க வந்து நல்லது பண்ணீங்களா, கெட்டது பண்ணீங்களான்னு தெரியலைங்க. மத்தியானத்துக்குள்ள கிணறு அடி தட்டுது!"

நடந்தது இதுதான். தண்ணீர் இரண்டு மடங்கு வந்தும் அவர் பழையபடி காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஓட்டினார். தென்னைக்குப் பாத்தி நிரம்பி வழிந்தது. கிணறு காலியானது. மாட்டின் களைப்பு கிணற்றைக் காத்தது என்று சொன்னேன் இல்லையா? பழுதான பம்பும் தன்னை அறியாமல் அதே காவல் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பம்பைச் சரி செய்தோம். மனுஷன் கையைச் சரி செய்யவில்லை. குற்றம் என்னுடையதுதான். பாதி வைத்தியம் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

திரும்பப் போய் இரண்டு வேலை செய்தோம். ஒன்று, டிரம்கணக்கை வைத்து அவர் பயிருக்கு எத்தனை மணி நேரம் போதும் என்று பார்த்து, அதற்கு மேல் ஓடாதபடி ஸ்டார்ட்டரில் ஒரு டைமர் மாட்டினோம். இரண்டு, தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் போட வேளாண்மைத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். சிறு, குறு விவசாயிகளுக்கு அதில் பெரும் பங்கு மானியம் உண்டு. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

நெல் போடுகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு அடி நீளத்துக்கு, கை நுழைகிற அகலத்தில் ஒரு பி.வி.சி. குழாயை எடுத்து, சுற்றிலும் துளை போட்டு, எட்டு அங்குலம் மண்ணுக்குள்ளும் நாலு அங்குலம் வெளியேயும் இருக்கும்படி வயலில் பதியுங்கள். உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிடுங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் வழக்கம்போலத் தண்ணீர் நிற்கட்டும். பிறகு, குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே ஆறு அங்குலம் இறங்கினால்தான் மோட்டாரைப் போடுங்கள். இரண்டு அங்குலம் நின்றால் நிறுத்துங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் வேருக்கு ஈரம் இருக்கும். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும். தண்ணீர் எப்போதும் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் என்ற வாயு கிளம்புகிறது. கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிக்கக்கூடியது அது. காய்ச்சிப் பாய்ச்சும் வயலில் அதுவும் வெகுவாகக் குறையும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் தினம் 6 மணி நேரம், வருஷத்தில் 200 நாள் ஓடினால் ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல். அதில் பாதி மிச்சம் என்றால் 2,500 யூனிட். ஒன்றரை டன் நிலக்கரியைக் கிணற்று மேட்டில் நின்றே மிச்சம் பிடித்த மாதிரி. ஊரில் நூறு பேர் செய்தால்? உலக நாடுகள் 2015-இல் பாரிஸில் கூடிப் போட்ட உடன்பாடு உங்கள் தோட்டத்தில் ஒரு புட்வால்வாகவும் ஒரு டைமராகவும் வந்து நிற்கிறது.

சூரிய பம்பு வாங்குகிறவர்களுக்கு

இப்போது சூரியசக்தி பம்புசெட் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். மத்திய அரசு 2019-இல் பி.எம். குசும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநில அரசும் தன் பங்கைச் சேர்த்து வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இன்றைய நிலவரத்தை அந்த அலுவலகத்தில் கேளுங்கள். இணைப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. புகை இல்லை, ராத்திரியில் டார்ச் பிடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து போக வேண்டியதில்லை.

ஆனால் பல்லடத்துப் பெரியவரை மறக்காதீர்கள். சூரியன் பில் அனுப்புவதில்லை. காசு கேட்காத கரண்டு என்பதால் வெயில் இருக்கிறவரை ஓட்டினால், கரியை மிச்சம் பிடித்துக் கிணற்றைத் தொலைப்போம். சூரிய பம்போடு சொட்டுநீரும் பண்ணைக்குட்டையும் சேர்த்தே போடுங்கள்.

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. மின்சாரத்தை எங்கிருந்தாவது கொண்டுவரலாம். ஆரல்வாய்மொழிக் காற்றிலிருந்து எடுக்கலாம், கமுதி வெயிலிலிருந்து எடுக்கலாம். பாறைக்கு அடியில் ஆயிரம் அடியில் இருக்கிற தண்ணீரை இன்னொரு ஊரிலிருந்து யாரும் கம்பியில் கொண்டுவந்து தர மாட்டார்கள். உங்கள் பாட்டன் வெட்டின கிணறு அது. உங்கள் பேரனும் அதில் எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது அவன் முகம் தண்ணீரில் தெரிய வேண்டும்.

நாளைக் காலையில் மோட்டாரைப் போடும் முன் டிரம்மை எடுத்துக் குழாய் வாயில் வையுங்கள். எத்தனை நொடி என்று சுண்ணாம்பால் மோட்டார் அறைச் சுவரில் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை அதைப் பாருங்கள். மற்றதைக் கிணறே உங்களுக்குச் சொல்லும்.